பத்தாம் தேதிக் கோடு

சேமிப்புப் பேரேட்டில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. வரவு, பற்று, இருப்பு என மூன்று கட்டங்கள் போக, வலது ஓரத்தில் ஒடுக்கமாக நான்காவது கட்டம் ஒன்று இருக்கும். அதன் தலையில் ‘புராடக்ட்’ என்று அச்சிட்டிருக்கும். மாதத்தின் பத்தாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் அந்தக் கணக்கு எவ்வளவு கீழே இறங்கியதோ, அந்த எண்ணைப் பென்சிலால் அங்கே குறிப்போம். அரையாண்டுக்கு ஆறு எண்கள். ஆறையும் கூட்டி, வட்டி விகிதத்தால் பெருக்கி, 1,200-ஆல் வகுத்தால் உறுப்பினருக்குச் சேர வேண்டிய வட்டி வந்துவிடும். 1980-களில் கோவையில் ஒரு மில் தொழிலாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்த எனக்கு முதலில் கற்றுக்கொடுக்கப்பட்ட வேலை இதுதான்.

ஒரு செப்டம்பர் முடிவில், வட்டி ஏற்றிய பாஸ்புத்தகத்தை ரீலிங் பகுதியில் வேலை பார்த்த ஓர் அம்மாவிடம் கொடுத்தேன். அந்த ஏப்ரல் 11-ம் தேதி கணக்குத் தொடங்கி 600 ரூபாய் கட்டியவர். ஜூன் 25-ம் தேதி பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட 550 ரூபாய் எடுத்திருந்தார். மீதி 50 ரூபாய் கணக்கிலேயே கிடந்தது. வட்டி வரியைப் பார்த்தவர் புத்தகத்தை மூடவில்லை.

“ஏனுங் தம்பி, பணம் இங்கயேதானுங் இருந்துச்சு? அப்பறம் வட்டி மட்டும் எங்கீங்க போச்சு?”

துணைவிதி அப்படி என்றேன். ஏப்ரல் பத்தாம் தேதி உங்கள் கணக்கில் பணம் இல்லை, அதனால் ஏப்ரல் போயிற்று. ஜூன் கடைசியில் எடுத்துவிட்டீர்கள், அதனால் ஜூனும் போயிற்று. 600 ரூபாய்க்கு மே மாத வட்டி மட்டும்தான். சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. ஆனால் அவருடைய 600 ரூபாய் எங்கள் பெட்டியில் 75 நாள் இருந்திருக்கிறது. நாங்கள் எண்ணியது 31 நாள்.

அவர் ஏன் பத்தாம் தேதிக்கு முன்பே கட்டவில்லை என்று கேட்கலாம். 1936-ம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையில் ஏழாம் தேதிக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டியிருந்தது. ஆயிரம் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பத்தாம் தேதி வரை போக இடமிருந்தது. எங்கள் மில் பெரியது. பத்தாம் தேதி சாயங்காலம் சம்பளக் கவர் கைக்கு வரும்போது சங்கத்தின் கவுன்ட்டர் மூடியிருக்கும். பெரிய மில்லின் தொழிலாளி அடுத்த நாள்தான் கட்ட முடியும். அந்த ஒரு நாள் அவருக்கு ஒரு மாதமாகக் கணக்கானது. இதை நான் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின.

வட்டி விகிதத்தைச் சங்கத்தின் பலகையில் எழுதி வைக்கிறோம். ஆண்டுப் பேரவையில் அரை சதவீதத்துக்காக மணிக்கணக்கில் வாதாடுகிறோம். எந்த இருப்புக்கு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை அந்த விகிதம் பொருந்தும் என்பது துணைவிதிக்குள் கிடக்கிறது. உறுப்பினருக்குக் கிடைக்கும் பணத்தை விகிதத்தைவிட இந்த முறையே அதிகம் தீர்மானிக்கிறது என்பதுதான் பேரேட்டோடு கழிந்த என் ஆண்டுகளில் நான் கற்ற ஒரே பெரிய பாடம். 2025-ஐ ஐக்கிய நாடுகள் அவை சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்ததை ஒட்டி வரும் இம்மலரில் அதை எழுத விரும்புகிறேன். இதில் மிகத் தெளிவான அனுபவம் நம்மிடம் இல்லை, அமெரிக்கக் கிரெடிட் யூனியன்களிடம், அதாவது அந்நாட்டுச் சிக்கன நாணயச் சங்கங்களிடம், இருக்கிறது. அங்கே இதே பத்தாம் தேதி விதி நெடுங்காலம் இருந்தது. பிறகு அதைச் சட்டம் போட்டு நீக்கினார்கள்.

கிரெடிட் யூனியனுக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை 1887-ல் தொகுத்த ஃபிரெடெரிக் நிக்கல்சன்தான் சென்னை மாகாண அரசின் பணிப்பில் ஐரோப்பாவின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895, 1897 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அறிக்கை தந்தவர். சென்னையில் ‘நிதி’ என்ற பெயரில் இயங்கிய பரஸ்பரக் கடன் சங்கங்களையும் அவர் கூர்ந்து பார்த்திருந்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் காட்டிய வழியே இந்தியக் கிராமத்துக்கு ஏற்றது என்பது அவர் முடிவு. அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக 1904-ல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் பிறந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1907-ல், பாஸ்டன் நகரத்து வணிகர் எட்வர்ட் ஃபைலீன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். வங்காளத்தில் கூர்லே என்ற ஆங்கில அதிகாரியின் மூலம் அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கிய கிராமச் சங்கங்களைக் கண்டார். ஊர் திரும்பி, அந்த யோசனைக்குத் தம் செல்வாக்கையும் செல்வத்தையும் கொடுத்தார். 1909-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கிரெடிட் யூனியன் சட்டம் இயற்றியது.

ஃபைலீன் ஒருவரே இதைச் செய்தார் என்று சொல்வது நியாயமாகாது. கனடாவின் கியூபெக்கில் அல்ஃபோன்ஸ் டெஜார்டென் 1900-லேயே லெவி என்ற ஊரில் மக்கள் சேமிப்புச் சங்கம் கண்டுவிட்டார். அதன் முதல் வைப்பு பத்து சென்ட். அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியனும் 1908-ல் அவர் கைதூக்கிவிட்டதுதான். நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரில், மாதா கோயில் பங்கைச் சேர்ந்த பிரெஞ்சுக் கனடியர்களுக்காக அது தொடங்கியது. அவர்கள் பருத்தி ஆலைத் தொழிலாளர்கள். இதைப் படித்த நாளில் எனக்கு எங்கள் ரீலிங் பகுதி நினைவுக்கு வந்தது.

1934 ஜூன் 26-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட கூட்டாட்சிக் கிரெடிட் யூனியன் சட்டத்தைப் படித்தால், சேமிப்புக்கு வட்டி என்ற பேச்சே இல்லை. அங்கே உறுப்பினர் போடும் பணம் வைப்பு ஆகாது, பங்கு. ஒரு பங்கு ஐந்து டாலர், தவணையில் கட்டலாம். நுழைவுக் கட்டணம் 25 சென்ட். கடன் வாங்கிய உறுப்பினர் நிலுவைத் தொகைக்கு மாதம் 1 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கடன் வட்டியில் செலவு போக நின்ற நிகர வருமானத்தில் 20 சதவீதத்தை வாராக்கடனுக்கான காப்பு நிதிக்கு ஒதுக்க வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சுவதைத்தான் ஆண்டுக் கூட்டத்தில் பங்குக்கு ஈவாக அறிவிப்பார்கள். ஆக, சேமிப்புக்குக் கிடைப்பது முன்பே வாக்களித்த வட்டியாக இல்லாமல், ஈட்டியதில் கிடைக்கும் பாகமாக இருந்தது. இன்றும் கூட்டாட்சிக் கிரெடிட் யூனியன்கள் சேமிப்புக் கணக்கைப் பங்குக் கணக்கு என்றும், வட்டியை டிவிடெண்ட் என்றும்தான் சொல்கின்றன. அமெரிக்க வருமான வரித் துறை மட்டும் அதை வட்டி வருமானத்தில் சேர்த்துக் காட்டச் சொல்கிறது.

பெயரில் இருக்கும் இந்த அழகு, கணக்கிடும் முறையில் இல்லாமல் போயிற்று என்பதுதான் வருத்தம். ஆண்டு முடிவில் நிலுவையிலிருந்த, முழுதாகக் கட்டி முடித்த பங்குகளுக்கே ஈவு என்றது 1934 சட்டம். நடு ஆண்டில் கட்டி முடித்த பங்குக்கு, முடித்த மாதத்தை அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் கணக்கு. பதினோரு மாதம் பணத்தை வைத்திருந்து, டிசம்பரில் ஒருவர் மருத்துவச் செலவுக்கு எடுத்தால், எடுத்த பங்குக்கு ஒன்றும் கிடையாது. அந்த வேரிலிருந்து இரண்டு வழக்கங்கள் வளர்ந்தன. ஒன்று, முழுப் பங்குக்கு மட்டும் ஈவு. கணக்கில் 24 டாலர் இருந்தால் 20 டாலருக்குத்தான் பலன், மீதி நான்கு டாலர் சும்மா கிடக்கும். மற்றது, ‘பத்தாம் தேதிக்குள்’ என்றே பெயர் பெற்ற முறை. பத்தாம் தேதிக்குள் போட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து கணக்கு, தாண்டினால் அந்த மாதம் இல்லை. ஈவு கணக்கிடும் காலத்துக்குள் எந்த அளவுக்கு இருப்பு இறங்கியதோ அந்த அடிமட்டத்துக்கே ஈவு.

இதைச் செய்தவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். ஷிஃப்ட் முடிந்து வந்து, இரவில் சமையலறை மேசையில் பேரேட்டை விரித்து எழுதிய தொண்டர்கள். சில நூறு பக்கங்களில் நாள்வாரியாக எண்ணச் சொன்னால் அவர்களால் முடியாது. மாதத்துக்கு ஒரு எண் என்றால் முடியும். நானும் அப்படி எழுதியவன், அந்தக் கையின் களைப்பு எனக்குத் தெரியும். இன்னொரு நியாயமும் சொல்வார்கள். நிலைத்து நிற்கும் பணத்தை நம்பித்தான் கடன் கொடுக்க முடியும், வந்து போகும் பணத்துக்கு எதற்கு ஈவு என்பார்கள். சிக்கனத்தைப் பழக்கும் சங்கத்தின் வாயில் அது பொருந்தும் பேச்சுதான். ஆனால் பத்தாம் தேதிக் கோடு நிலையற்றவரைத் தண்டிப்பதில்லை. பத்தாம் தேதி காலையில் போட்டு முப்பதாம் தேதி வரை விட்டுவைக்கும் வசதி உள்ளவருக்கு முதல் ஒன்பது நாள் வட்டியை இலவசமாகத் தருகிறது. பதினோராம் தேதிதான் கையில் காசு வரும் என்றிருப்பவரிடமிருந்து இருபது நாளை எடுத்துக்கொள்கிறது.

எண்களில் பார்ப்போம். ஒரு கிரெடிட் யூனியன் உறுப்பினரின் கணக்கில் ஏப்ரல் முதல் தேதி 200 டாலர் இருக்கிறது. 12-ம் தேதி 300 போடுகிறார், 500 ஆகிறது. ஜூன் 20-ம் தேதி 400 எடுக்கிறார், 100 நிற்கிறது. காலாண்டு முடியும் வரை வேறு வரவு செலவு இல்லை. விகிதம் ஆண்டுக்கு 4 சதவீதம்.

காலாண்டு முழுவதிலும் மிகக் குறைந்த இருப்புக்கு ஈவு என்றால், அது 100 டாலருக்கு 91 நாள். கிட்டத்தட்ட ஒரு டாலர் வரும். காலாண்டு முடிவில் நிற்கும் இருப்புக்கு என்றாலும் அதே ஒரு டாலர்தான். மாதா மாதம் பத்தாம் தேதி முறையில் போனால் ஏப்ரலுக்கு 200, மே மாதத்துக்கு 500, ஜூனுக்கு 100 என்று எடுத்து, 2 டாலர் 68 சென்ட் கிடைக்கும். இனி நாளை எண்ணுங்கள். ஏப்ரல் 1 முதல் 11 வரை 11 நாள், நாளுக்கு 200 வீதம் 2,200. ஏப்ரல் 12 முதல் ஜூன் 19 வரை 69 நாள், 500 வீதம் 34,500. கடைசி 11 நாள் 100 வீதம் 1,100. மொத்தம் 37,800. இதை 4 சதவீதத்தால் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 4 டாலர் 14 சென்ட். பலகையில் எழுதியிருக்கும் விகிதம் எல்லாவற்றிலும் ஒன்றே. பணம் ஒன்றே, தேதிகளும் ஒன்றே. ஒருவருக்கு ஒரு டாலர், மற்றவருக்கு நான்கு டாலருக்கு மேல். இப்படி ஒரு வித்தியாசத்தை எந்த ஆண்டுப் பேரவையும் விகிதத்தைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. ஒரு டாலர் வாங்குபவருக்கு 4 டாலர் 14 சென்ட் கொடுக்க வேண்டுமென்றால் விகிதத்தை 16 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டியிருக்கும்.

அமெரிக்க நாடாளுமன்றம் 1991-ல் ‘சேமிப்பில் உண்மை’ என்ற பெயரில் ஒரு சட்டம் இயற்றியது. வங்கிகளுக்கு மட்டும் என்று விட்டுவிடாமல் கிரெடிட் யூனியன்களையும் அதில் சேர்த்தார்கள். தேசியக் கிரெடிட் யூனியன் நிர்வாகம் 707-ம் பகுதி என்ற விதித்தொகுப்பை வகுத்தது, 1990-களின் நடுவில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் நெஞ்சு ஒரே வாக்கியத்தில் அடங்கும். கணக்கில் இருக்கும் முழுத் தொகைக்கும், அது இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஈவு கணக்கிட வேண்டும். அதற்கு இரண்டே வழி. தினசரி இருப்பு முறை ஒன்று, சராசரித் தினசரி இருப்பு முறை மற்றொன்று. ‘பத்தாம் தேதிக்குள்’ முறை, முழுப் பங்குக்கு மட்டும் கொடுக்கும் முறை, கடைசி நாள் இருப்பைப் பார்க்கும் முறை ஆகியவை கூடாது என்று பெயர் சொல்லியே விலக்கினார்கள். வைப்பில் ஒரு பகுதியைக் காப்பிருப்பாக ஒதுக்கிவிட்டு, முதலீடு செய்யக்கூடிய மீதிக்கு மட்டும் கொடுப்பதும் போயிற்று. பல சங்கங்கள் இதைச் சுமையாக நினைத்து முணுமுணுத்திருக்கும். என் கருத்தில், கூட்டுறவுக்கு விலக்களிக்காமல் விட்டது அதற்குச் செய்த மரியாதை. உறுப்பினரே முதலாளி என்று சொல்லும் அமைப்பு, வங்கி தன் வாடிக்கையாளருக்குக் காட்டும் நேர்மையைவிடக் குறைவாகக் காட்டலாமா?

அனுமதித்த இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு சிறியது. நம் உதாரணத்தில் 37,800-ஐ 91 நாளால் வகுத்தால் சராசரி இருப்பு 415 டாலர் 38 சென்ட். அதற்கு 91 நாள் ஈவு போட்டால் மறுபடியும் அதே 4 டாலர் 14 சென்ட். ஈவை அன்றாடம் அசலோடு சேர்த்துக் கூட்டு வட்டியாக்கும்போதுதான் தினசரி முறை கொஞ்சம் முந்தும். அதுவும் சிறிதுதான். 4 சதவீதத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் ஆண்டுப் பலன் 4.06 சதவீதம், மாதந்தோறும் சேர்த்தால் 4.07, தினமும் சேர்த்தால் 4.08. பத்தாயிரம் டாலருக்கு ஓராண்டில் இரண்டு டாலர் வித்தியாசம். விளம்பரங்களில் தினசரிக் கூட்டு வட்டி என்று பெரிய எழுத்தில் போடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். மேலே கண்ட முறை வித்தியாசம் நான்கு மடங்கு.

அதே விதித்தொகுப்பின்படி, தினவிகிதம் ஆண்டு விகிதத்தில் 365-ல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. லீப் ஆண்டில் 366-ல் ஒரு பங்கு கொள்ளலாம். 360-ஆல் வகுக்கும் பழைய வங்கிப் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த உயர்ந்த தினவிகிதத்தை ஆண்டின் 365 நாளுக்கும் கொடுத்தாக வேண்டும். இதில் இழப்பு சங்கத்துக்கே, உறுப்பினருக்கு அல்ல.

உறுப்பினர் இன்னும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய இடம் அடுக்கு விகிதம். 2,500 டாலர் வரை 2 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீதம் என்று ஒரு சங்கம் அறிவிக்கிறது. ஒருவர் கணக்கில் ஆண்டு முழுவதும் 3,000 டாலர் இருக்கிறது. எல்லையைத் தாண்டியதால் முழுத் தொகைக்கும் 3 சதவீதம் என்றால் 90 டாலர். நம் வருமான வரி போல அடுக்கடுக்காகப் பார்த்தால் முதல் 2,500-க்கு 50, மேலுள்ள 500-க்கு 15, ஆக 65 டாலர். இரண்டுமே அங்கே சட்டப்படி சரி. எதைப் பின்பற்றுகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். ஈவு பெறக் குறைந்தபட்ச இருப்பு வேண்டும் என்றும் ஒரு சங்கம் நிபந்தனை போடலாம். தினசரி முறையில் போட்டால், இருப்பு குறைந்த அந்த நாட்களுக்கு மட்டும் ஈவு நிற்கும்.

நம் நாட்டிலும் பத்தாம் தேதிக் கோடு பாதி அழிந்திருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் வங்கிச் சேமிப்புக் கணக்குகளுக்கு நாள்தோறும் உள்ள இருப்பின் மேல் வட்டி கணக்கிட ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அப்போது விகிதம் 3.5 சதவீதம். முப்பது நாள் கொண்ட மாதத்தின் முதல் தேதி 20,000 ரூபாய் வைத்து, 25-ம் தேதி 15,000 எடுத்தவருக்கு அந்த மாதம் அதுவரை 14 ரூபாய் 58 பைசாதான் கிடைத்திருக்கும். புதிய முறையில் 48 ரூபாய் 90 பைசா கிடைத்தது. அடுத்த ஆண்டு விகிதத்தை 4 சதவீதமாக உயர்த்தியபோது அது பெரிய செய்தியானது. அதைவிடப் பெரிய உயர்வு முந்தைய ஆண்டே ஓசையில்லாமல் நடந்து முடிந்திருந்தது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் மட்டும் பத்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடைப்பட்ட குறைந்த இருப்புதான் இன்னும் அளவுகோல். பி.பி.எஃப். கணக்கில் அந்தக் கோடு ஐந்தாம் தேதியில் இருக்கிறது. கணினி எல்லாவற்றையும் நொடியில் எண்ணிவிடும் காலத்தில் இந்தக் கோடுகளுக்கு என்ன தேவை என்று எனக்கு விளங்கவில்லை. பென்சில் பிடித்த எழுத்தருக்குச் சலுகையாக வந்த விதி, பென்சில் போன பிறகும் இருக்கிறது. இம்மலரைக் கையில் எடுக்கும் உறுப்பினர்கள் தங்கள் சங்கத்தின் துணைவிதியில் சேமிப்பு வட்டி பற்றிய பிரிவை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். இன்னும் அங்கே பத்தாம் தேதி இருந்தால், அடுத்த பேரவையில் அதை மாற்றத் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரீலிங் அம்மாவின் பக்கத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பின் ஒரு நாள் அந்தக் கணக்கை நினைவிலிருந்து எழுதி, நாள் நாளாக எண்ணினேன். 600 ரூபாய் 75 நாள், 45,000. ஜூன் 25 முதல் செப்டம்பர் 30 வரை 98 நாள், 50 ரூபாய் வீதம் 4,900. அப்போது எங்கள் விகிதம் 5 சதவீதம். வந்தது 6 ரூபாய் 84 பைசா. பேரேட்டின் நான்காவது கட்டத்தில் நான் பென்சிலால் எழுதியவை மே 600, ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு ஐம்பது, கூட்டினால் 800. அதற்கு நாங்கள் கொடுத்தது 3 ரூபாய் 33 பைசா.

வட்டி எங்கே போயிற்று என்று அவர் கேட்டார். கொடுக்காத 3 ரூபாய் 51 பைசா சங்கத்தின் வட்டிச் செலவில் குறைந்தது. செலவு குறைந்ததால் நிகர லாபத்தில் கூடியது. லாபத்தில் ஒரு பகுதி சேமநிதிக்குப் போனது, இன்னொரு பகுதி பங்குத்தொகைக்கு ஏற்ப ஈவாகப் பிரிந்தது. பெரிய பங்குத்தொகை வைத்திருந்த மேஸ்திரிகளுக்கும் அலுவலகக் கணக்கர்களுக்கும் அதில் அதிகம் போய்ச் சேர்ந்தது. எனக்கும் அந்தச் சங்கத்தில் பங்கு இருந்தது.